நீலம் மறைகிறது என்று எழுதினோம்

எங்கள் இயற்கை விஞ்ஞான லெக்சரருக்கு ஸெல் என்பது பன்னிரண்டு வரி. அட்டை கழன்ற ஒரு நோட்டிலிருந்து அந்தப் பன்னிரண்டு வரியையும் இங்கிலீஷில் வாசிப்பார். நாங்கள் நாற்பது பேர் எழுதிக்கொள்வோம். உயிருள்ளவை எல்லாம் ஸெல்களால் ஆனவை, ஃபுல்ஸ்டாப். ஒவ்வொரு ஸெல்லுக்கும் ஒரு சுவர் உண்டு, கமா, உள்ளே புரோட்டோபிளாஸம் உண்டு, கமா, நடுவே நியூக்ளியஸ் உண்டு, ஃபுல்ஸ்டாப். மிருகங்களின் ஸெல்லுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய தோல் மட்டும்தான் என்பதை அவருடைய நோட்டு விட்டுவிட்டது. அதனால் நாங்களும் விட்டுவிட்டோம். இரண்டு வருஷம் என் உடம்பு முழுக்கச் சுவர் இருப்பதாக நம்பிக்கொண்டு சேலத்துத் தெருக்களில் நடந்திருக்கிறேன்.

வாசித்து முடித்ததும் கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவார். நடுவில் ஒரு புள்ளி வைப்பார். அதுதான் ஸெல். ஒருவன் எழுந்து, "எவ்வளவு பெரிசு இருக்கும் சார்?" என்று கேட்டான்.

"வெரி ஸ்மால். பரீட்சையில் வராது. உட்காரும்."

இது இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்திய கதை. சேலத்தில் இண்டர்மீடியட் படிக்க வந்திருந்தேன். எங்கள் ஊர் புதுச்சத்திரத்துப் பக்கம். சோளமும் நிலக்கடலையும் போடும் குடும்பம். எங்கள் வகையறாவில் ஹைஸ்கூல் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், ஊருக்குப் போனால் வயசில் மூத்தவர்கள்கூடக் கட்டிலை விட்டு எழுந்தார்கள். அந்த மரியாதையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெகு காலம் அலைந்தேன். என்ன படித்தேன் என்று அவர்களில் யாராவது கேட்டிருந்தால் பன்னிரண்டு வரியை ஒப்பித்திருப்பேன். நல்ல வேளையாகக் கேட்கவில்லை.

காலேஜில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. பித்தளையில் செய்தது, கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியிருக்கும். சாவி லெக்சரரின் கோட்டுப் பையில். வருஷத்தில் ஒரு நாள், சரஸ்வதி பூஜைக்கு, அது வெளியே வரும். அன்றைக்கு லெக்சரர் தானே பித்தளையை மட்டும் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைப்பார். எந்த இடத்தில் வைக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்ற யோசனை அவருக்குக் கிடையாது. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி மேலே உருண்டையாக, பொட்டு வைக்க ஏற்ற மாதிரி இருக்கும். அங்கேதான் வைப்பார். மறுநாள் அப்படியே பீரோவுக்குள் போய்விடும்.

மாவுப்பொருள் பாடம் இரண்டாம் வருஷத்தில் வந்தது. வாயில் ஊறும் எச்சிலில் டயலின் என்று ஒரு என்சைம் இருக்கிறது, அது மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கிவிடும் என்பது பாடம். இதற்கு ஒரு சோதனை உண்டு. கஞ்சித் தண்ணீரில் அயோடின் விட்டால் நீலமாகும். அதே கஞ்சியில் எச்சில் கலந்து, வெதுவெதுப்பில் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு அயோடின் விட்டால் நீலம் வராது, மாவு தீர்ந்துபோயிருக்கும். எச்சிலும் கஞ்சியும் இல்லாத வீடு எங்கள் ஜில்லாவில் கிடையாது. இதைவிடச் சுலபமான சோதனை உலகத்தில் இருக்க முடியாது.

எங்கள் லெக்சரர் அதைச் செய்யவில்லை. எச்சில் என்ற சொல்லையே அவர் தமிழில் சொல்லமாட்டார். ஸலைவா என்று இங்கிலீஷில் சொன்னால் தீட்டில்லை போலிருக்கிறது. "என் லேபரட்டரியில் எவனும் துப்பக் கூடாது. முடிவு எனக்குத் தெரியும், சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தி ப்ளூ கலர் டிஸப்பியர்ஸ், ஃபுல்ஸ்டாப்."

எழுதிக்கொண்டோம். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது நெசந்தானுங்க சார். வெத்தலை போட்ட வாயோட யாரையும் எங்கூர்ல கஞ்சிப் பானைகிட்ட விடமாட்டாங்க. ஒரு சொட்டு எச்சி உழுந்தாலும் கஞ்சி தண்ணியா நீத்துப் போயிருமுங்க. அப்பறம் நூல்ல ஒட்டாதுங்க."

பேசியவர் சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இளம்பிள்ளை என்ற ஊர்க்காரர், நெசவுக் குடும்பம். எங்களையெல்லாம்விட நாலைந்து வயது மூத்தவர். கல்யாணம் ஆகி, இரண்டு வருஷம் தறியில் உட்கார்ந்துவிட்டு, பிறகு படிக்க வந்தவர். நெய்வதற்கு முன்னால் பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்து, முறுக்கு நிற்கக் கஞ்சி தேய்ப்பார்கள். அந்தக் கஞ்சியைத்தான் சொன்னார். பாடத்தை ஒரு நிமிஷத்தில் எங்கள் எல்லோருக்கும் புரியவைத்துவிட்டார். அதை லெக்சரரால் தாங்க முடியுமா?

"மிஸ்டர், இது காலேஜ். பாவு விரிக்கிற தெருவில்லை" என்றார் லெக்சரர்.

வகுப்பு சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். கை விரலில் சாணி வாசனை போகாமல் காலேஜுக்கு வந்தவன் நான். சிரிக்கப்படுவதற்கு என்னைத் தவிர இன்னொருவர் கிடைத்த சந்தோஷம். இத்தனைக்கும் அந்த மனிதரும் நானும் ஒரே அறையில் குடியிருந்தோம். ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வாங்கி வந்து கொடுத்தவர் அவர்.

அன்று சாயந்திரம் அவர் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவருக்கு அந்த வேலைக்கு நேரமில்லை.

"ஏனுங்க, அந்த நீலத்தைப் பாத்துப்போடலாமுங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தோம். காயத்துக்குப் போடும் டிங்க்சர் அயோடின் அவரிடம் ஒரு சின்னக் குப்பியில் இருந்தது. மெஸ்ஸில் வடித்த கஞ்சியை வாங்கி, தண்ணீர் விட்டு விளாவி, இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினோம். ஒரு டம்ளரில் அவர் துப்பினார். நானும் துப்பினேன். இரண்டு டம்ளரையும் வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து எச்சில் இல்லாத டம்ளரில் இரண்டு சொட்டு டிங்க்சர் விட்டார். அவுரிச் சாயம் கரைத்த மாதிரி நீலம் இறங்கியது. எச்சில் டம்ளரில் விட்டார். டிங்க்சரின் வெளிறிய பழுப்பு நிறம் மட்டும் நின்றது.

நான் என் நாக்கை வாய்க்குள்ளே புரட்டிப் பார்த்துக்கொண்டேன், அங்கே யாரோ குடியிருப்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி.

"எச்சியைக் காச்சினா என்னாகுமுங்க?" என்றார் அவர்.

மெஸ்ஸின் கரியடுப்பு அணையாமல் இருந்தது. சமையற்காரருக்குத் தெரியாமல் ஒரு பழைய கரண்டியில் எச்சிலைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, புதுக் கஞ்சியில் கலந்து வெயிலில் வைத்தோம். எவ்வளவு நேரம் வைத்தும் பலனில்லை. டிங்க்சர் விட்டதும் நீலம் வந்தது.

புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை அவருக்குத் தமிழில் சொன்னேன். கன்னத்துக்குள்ளும் நாக்குக்கு அடியிலும் இருக்கும் சுரப்பிகளில் உள்ள ஸெல்கள்தான் இந்தச் சரக்கைச் செய்து வெளியே விடுகின்றன. இதற்கு உயிர் கிடையாது. ஆனால் உயிருள்ள ஸெல்தான் இதைச் செய்ய முடியும். மாவை உடைத்துப் போட்டுவிட்டுத் தான் தீராமல் இருக்கும், அடுத்த மாவுக்குப் போகும். கொதிக்க வைத்தால் அதன் உருவம் கெட்டுவிடும், பிறகு வேலைக்கு ஆகாது.

"அப்ப அவரு போட்ட வட்டத்துக்குள்ள இத்தனை வேலை நடக்குதுங்களா? ஒரு புள்ளியை வெச்சுட்டுப் போயிட்டாருங்களே" என்றார்.

நான் படித்த இரண்டு வருஷத்தில் உருப்படியாகப் படித்தது அந்த ஒரு மத்தியானம்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று யாரும் பிறகு சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

தை மாசத்தில், எங்கள் லேபரட்டரியைப் பார்வையிடப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. காலேஜுக்குப் பேய் பிடித்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். இதுவரை யாரும் பார்த்திராத படங்கள் எங்கிருந்தோ வந்து ஆணியில் தொங்கின. அதில் ஒன்று தவளையின் குடல், தலைகீழாகத் தொங்கியது. அது தலைகீழாக இருப்பது இன்ஸ்பெக்ஷன் முடியும்வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. லெக்சரர் ஒரு வாரம் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சோதனையில் அல்ல, பதிலில். "என்ன கேட்டாலும் நோட்ஸில் இருப்பதைச் சொல்லுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்."

வந்தவர் ஒரு அம்மாள். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். நூல் புடவை, மூக்குக்கண்ணாடி, தோளில் துணிப்பை. பிரின்ஸிபால் எலுமிச்சம்பழத்தை நீட்டியபடி, பின்னால் ஆண் யாராவது இறங்குகிறார்களா என்று காரையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் லெக்சரர் என் காதில் படும்படியே பக்கத்து வாத்தியாரிடம், "பெண்பிள்ளையை அனுப்பியிருக்கிறார்கள். சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார். அவருடைய ஞானம் அத்தனை விஷயத்திலும் ஒரே தரம்தான்.

அம்மாள் நேரே மைக்ராஸ்கோப்பிடம் போனார். வெங்காயத் தோல் ஒன்றைக் கண்ணாடியில் வைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தார். திருகினார். மறுபடி பார்த்தார். நிமிர்ந்து, தமிழில் சொன்னார்.

"எனக்குச் சந்தனம்தான் தெரிகிறது."

கைக்குட்டையை எடுத்து, பொறுமையாகச் சுரண்டித் துடைத்தார். சந்தனம் நாலைந்து வருஷத்துக்கு உண்டானது, சீக்கிரம் வரவில்லை. லெக்சரர் சுவரில் இருந்த தவளையைப் பார்த்தார்.

பிறகு அம்மாள் மாணவர்கள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்றார். லெக்சரர் பொறுக்கி வைத்திருந்த பன்னிரண்டு பேரை முன்னால் தள்ளினார். "வேண்டாம். முன் பெஞ்சில் ஆறு பேர், கடைசி பெஞ்சில் ஆறு பேர்" என்றார் அம்மாள். முன் பெஞ்சில் நான் வந்தேன். கடைசி பெஞ்சில் இளம்பிள்ளைக்காரர் வந்தார்.

துணிப்பையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து மேஜையில் வைத்தார். "இது எச்சில். என்னுடையதுதான். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்" என்றார். லெக்சரர் இரண்டடி பின்னால் போனார். ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயில் கஞ்சி கொடுத்து, முதல் குப்பியிலிருந்து சில சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தச் சொன்னார். பத்து நிமிஷம் போயிருக்கும். குழாய் ஆறியதும் அயோடின் விடச் சொன்னார். "என்ன பார்க்கிறீர்களோ அதை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள்."

என் குழாய் நீலமாக நின்றது. கொஞ்சம் நஞ்சம் இல்லை, கருநீலம். அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்டியில் காய்ச்சி நாங்கள் பார்த்த அதே நீலம். அம்மாள் எச்சிலைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறார் என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவனுக்கும் நீலம், அவனுக்குப் பக்கத்திலும் நீலம். எங்களுக்குப் பின்னால் லெக்சரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடந்தார். என் முதுகுக்குப் பின்னால் வந்ததும் கொஞ்சம் நின்றார்.

நான் எழுதினேன். தி ப்ளூ கலர் டிஸப்பியர்ஸ். நீலம் என் இடது கையில் இருந்தது, பேனா வலது கையில்.

அம்மாள் தாள்களை வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசித் தாளில் மட்டும் நின்று, இரண்டு முறை படித்தார்.

"எல்லோரும் குழாயை மேலே தூக்குங்கள்" என்றார்.

தூக்கினோம். ஜன்னல் வெளிச்சத்தில் பன்னிரண்டு குழாயும் நீலமாக ஜொலித்தன. பிரின்ஸிபாலுக்கே தெரிந்துவிட்டது, அவர் சரித்திரம் படித்தவர்.

"பதினோரு பேர் நீலம் மறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே வார்த்தை, ஒரே எழுத்துப் பிழை. ஒருவர் மட்டும், நீலம் இருக்கிறது, ஒருவேளை எச்சிலைக் காய்ச்சியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். யார் அது?"

இளம்பிள்ளைக்காரர் எழுந்தார்.

"காய்ச்சியது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கூர்ல எச்சி பட்டா கஞ்சி நீத்துப் போயிருமுங்க. இது நீத்துப் போகலீங்க. அப்ப எச்சி கெட்டிருக்கோணுமுங்க. காச்சினா கெட்டுப் போயிருமுன்னு ரூமுல செஞ்சு பாத்தமுங்க."

"பார்த்தோம் என்றால்? கூட யார்?"

நான் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு சிநேகிதருங்க."

"இங்கே இருக்கிறாரா?"

"இல்லீங்க" என்றார்.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்றினார் என்று அன்றைக்கு நினைத்தேன். உள்ளதைத்தான் சொன்னார் என்று புரியப் பல நாள் ஆனது.

அம்மாள் இரண்டாவது குப்பியை அவர் கையில் கொடுத்தார். அது காய்ச்சாதது. அவர் எல்லோர் முன்னிலையிலும் செய்துகாட்டினார். இந்த முறை நீலம் வரவில்லை. அப்போது லெக்சரரைத் தற்செயலாகப் பார்த்தேன். கழுத்தை நீட்டி, வாயைக் கொஞ்சம் திறந்து, அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷம் சொல்லிக்கொடுத்ததை முதல் தடவையாகப் பார்க்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இருக்கவில்லை.

அம்மாள் கார் ஏறியதும் லெக்சரருக்குத் தொண்டை திரும்பியது. அயோடின் பழசு என்றார். பையன்கள் பயந்துவிட்டார்கள் என்றார். பிரின்ஸிபால் தலையாட்டினார். மறுநாள் வகுப்புக்கு வந்து நோட்டைத் திறந்து, "எழுதிக்கொள்ளுங்கள். வித் பாயில்ட் ஸலைவா, கமா, தி ப்ளூ கலர் டஸ் நாட் டிஸப்பியர், ஃபுல்ஸ்டாப்" என்றார். நாற்பது பேரும் குனிந்து எழுதினோம். ஒருவரும் எதையும் கொதிக்க வைக்கவில்லை.

அன்றைக்கு அறையில் இளம்பிள்ளைக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் "பயமாப் போச்சுங்க. பின்னால வந்து நின்னுட்டாருங்க" என்றேன்.

"பயம் எனக்கும் இருந்துச்சுங்க."

"நீங்க எழுதீட்டீங்களே."

"உங்களை எழுதச் சொல்லலீங்க நானு. பயந்தா வெறுந்தாளைக் குடுத்திருக்கலாமில்லீங்க? கண்ணுக்கு முன்னால இருக்கறதை இல்லீன்னு எழுதோணுமுங்களா?"

இன்றைக்கும் நான் சொல்லும் காரணங்கள் எல்லாம் லெக்சரரின் பழைய அயோடின் மாதிரிதான் இருக்கின்றன. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அறையை மாற்றவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு புத்தகத்தை எடுத்து வந்து, இதைத் தமிழில் சொல்லுங்க என்று என்னிடம் கேட்டதில்லை. அகராதியை வைத்துக்கொண்டு தானே படித்தார்.

மாணவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்று அம்மாள் எழுதிவிட்டுப் போனதால், காலேஜ் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் வர வேண்டும், ஆளுக்கு அரை நிமிஷம், எதையும் தொடக்கூடாது. லெக்சரர் கடிகாரத்தோடு நின்றார். என் முறை வந்து குனிந்தேன். வெங்காயத் தோல் அறை அறையாக, ஓட்டு வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவை மலைமேலிருந்து பார்க்கிற மாதிரி விரிந்து கிடந்தது. ஒன்றுகூட வட்டமாக இல்லை. ஒன்றில் ஓரமாக ஒரு மங்கலான உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நியூக்ளியஸ் நடுவில்தானே இருக்க வேண்டும் என்று நான் யோசிப்பதற்குள், "நெக்ஸ்ட்" என்றார்.

பரீட்சையில் நான் முதல் வகுப்பில் தேறினேன். ஸெல் பற்றிக் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு வரியும் எழுதினேன், நியூக்ளியஸை நடுவில் வைத்துப் படமும் போட்டேன். இளம்பிள்ளைக்காரர் இயற்கை விஞ்ஞானத்தில் தேறி, இங்கிலீஷில் தவறிவிட்டார். செப்டம்பரில் திரும்ப எழுதித் தேறினார். கோயமுத்தூரில் பயிர் நோய்களைச் சோதிக்கும் ஒரு லேபரட்டரியில் உதவியாளராகச் சேர்ந்து, பெண்டாட்டி பிள்ளைகளையும் அங்கேயே அழைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான வாத்தியாராகப் போனேன். முதல் வருஷம் பிள்ளைகளைக் கஞ்சியில் துப்பச் சொன்னேன். மூன்றாம் நாள் நாலு தகப்பன்மார் வந்து ஹெட்மாஸ்டர் அறையில் நின்றார்கள், வாத்தியார் எச்சிலைத் தொட வைக்கிறார் என்று. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "படத்தைப் போட்டுச் சொல்லிவிடுங்களேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மறு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, என் எச்சிலை மட்டும் வைத்துச் செய்துகாட்டினேன். என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.